தூக்க மாத்திரையைக் குறைப்பது எப்படி? – வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் தூக்கமின்மை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை போடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். “அப்படியானால் எப்படித்தான் நிறுத்துவது?” என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். எனவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் வயது 58. கணவர் இறந்தபோது தூக்கமில்லாமல் தவித்த எனக்கு, எங்கள் குடும்ப மருத்துவர் இரவில் போட குளோனாசெபாம் 0.5 மி.கி. எழுதிக் கொடுத்தார். ஒன்பது ஆண்டுகளாக அதையே போட்டு வருகிறேன். மகன் கண்டித்துச் சொன்னதால் சென்ற மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வந்தன. இரவு முழுவதும் கண் மூடவில்லை. குக்கர் விசில் சத்தம்கூடத் தலைக்குள் இடித்தது. பயந்துபோய் மறுபடி போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? இனி ஆயுள் முழுவதும் போட்டுத்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான், அம்மா. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவை ஒருநாளும் கூட்டாமல், சொன்ன நேரத்தில் மட்டும் போட்டு வந்திருக்கிறீர்கள். போதைக்காக மாத்திரை தேடி அலைபவரின் நடத்தை இதில் எதுவும் இல்லை. உங்கள் உடல் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். யார் போட்டாலும், சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் இப்படிப் பழகும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தரக் கூடாது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. சில வாரங்களோடு நின்றிருக்க வேண்டிய சீட்டு ஒன்பது ஆண்டு ஓடியதில் உங்கள் தவறைவிட எங்கள் தரப்புத் தவறுதான் அதிகம்.

குளோனாசெபாம், அல்பிரசோலாம், லோராசெபாம், டயஸெபாம், நைட்ரசெபாம் எல்லாமே பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். மூளையில் நரம்பணுக்களின் பரபரப்பைத் தணிப்பதற்குக் காபா என்ற வேதிப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. இந்த மருந்துகள் அதன் வேலையை வலுவாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் வெளியிலிருந்து இந்த உதவி கிடைத்துக்கொண்டே இருந்தால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, காபாவுக்கு முன்போல் மசியாத நிலைக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று எடுத்துவிட்டால், இறக்கத்தில் போகும் வண்டிக்குப் பிரேக் பிடிக்காமல் போனது போலாகிவிடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவது எல்லாம் அதன் விளைவுகளே. சிலருக்கு இது வலிப்பு வரையிலும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் மனக்குழப்பம் வரையிலும் போவதுண்டு. நீங்கள் மறுபடி போட்டது பலவீனம் அல்ல. அந்த நேரத்தில் அதுவே சரியான செயல்.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். “மாத்திரையை விட்டால் பழைய நோய் திரும்பிவிடுகிறது, ஆகவே எனக்கு மாத்திரை வேண்டும்” என்பது அந்த முடிவு. உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்த துக்கத்தில் தூக்கம் போனபோது உங்களுக்குக் கை நடுங்கவில்லை, குக்கர் சத்தம் தலையை இடிக்கவில்லை. முன்பு இல்லாத தொல்லைகள் மருந்தை நிறுத்திய சில நாட்களில் தோன்றி, மருந்து போட்டதும் மணிக்கணக்கில் மறைந்தால், அவை மருந்து விலகியதால் வந்தவை. பழைய பதற்ற நோய் திரும்புவதானால் பெரும்பாலும் மெதுவாகத் தலைகாட்டும். பழைய முகத்தோடுதான் வரும்.

இனி குறைப்பதைப் பார்ப்போம். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் செய்வது, மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு வாரம் போட்டுவிட்டு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. இரண்டுமே சரியல்ல. பாதியாக்குவது மிகப் பெரிய படி. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கி, உடலுக்கு இரண்டு நாளைக்கொரு முறை விலகல் தொல்லையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அந்தத் தினசரி அளவுதான் சிறிது சிறிதாகக் குறைய வேண்டும்.

எவ்வளவு சிறிதாக? அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டுவது பொதுவாகக் கூடாது. அந்தச் சதவீதத்தை முதலில் போட்ட அளவில் கணக்கிடுவதைவிட, அன்றைய தேதியில் போட்டுக்கொண்டிருக்கும் அளவில் கணக்கிடுவதே உடலுக்கு இதமானது. உங்கள் 0.5 மி.கி. மாத்திரையை நான்காகக் கீறினால் ஒரு துண்டு 0.125 மி.கி. வரும். முதல் படியில் ஒரு துண்டை விட்டால் கால் பங்கு குறைகிறது. இரண்டாம் படியில் அதே அளவுத் துண்டை விட்டால், அப்போது இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. மூன்றாம் படியில் பாதி போகிறது. நான்காம் படியில் எல்லாமே போகிறது. கண்ணுக்குத் துண்டு ஒன்றுதான். உடலுக்கோ ஒவ்வொரு முறையும் அடி பெரிதாகிக்கொண்டே போகிறது. “கடைசிக் கால் மாத்திரையைத்தான் விட முடியவில்லை” என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. அது மனப்பிரமை அல்ல.

ஆகவே மருத்துவர் சில வழிகளைக் கையாள்வார். குளோனாசெபாம் 0.25 மி.கி. அளவிலும், வாயில் வைத்ததும் கரையும் வகையிலும் கிடைக்கிறது. கரையும் வகையை ஈரக் கையால் தொட்டாலே உதிர்ந்துவிடும். அதை வெட்டி அளவு பார்க்க முடியாது. வெட்டுவதற்குச் சாதாரண மாத்திரையும், மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் சிறு பெட்டியுமே ஏற்றவை. அரிவாள்மனையும் பிளேடும் வேண்டாம். இன்னொரு வழி, நீண்ட நேரம் உடலில் தங்கும் டயஸெபாமுக்குப் படிப்படியாக மாற்றி, பிறகு அதைக் குறைப்பது. பிரிட்டனின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சையகம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் இந்த முறையைப் பரவலாக்கினார். அவர் கணக்கின்படி 0.5 மி.கி. குளோனாசெபாம் ஏறத்தாழ 10 மி.கி. டயஸெபாமுக்குச் சமம். டயஸெபாமில் 2 மி.கி. மாத்திரை உண்டு என்பதால், அதில் பாதியைக் குறைத்தால் சரியாகப் பத்தில் ஒரு பங்கு குறையும், 5 மி.கி.க்குக் கீழே வந்த பிறகு கால் மாத்திரையாகக் குறைக்கலாம். இந்தச் சமன் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு பட்டியலுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும். எனவே இதைப் படித்துவிட்டு நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டாம். உங்களைப் பரிசோதித்து, வலிப்பு நோய் உண்டா, கல்லீரல் எப்படி, வேறு என்ன மருந்துகள் போடுகிறீர்கள் என்றெல்லாம் பார்த்த மருத்துவர் செய்ய வேண்டிய வேலை இது.

ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் தூக்கம் கெடும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். தொல்லை அடங்காவிட்டால் அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு மூன்று வாரம் நின்றுவிடுங்கள். உங்களுக்கு ஓராண்டுகூட ஆகலாம். ஆனால் ஆகட்டும். ஒன்பது ஆண்டு போட்டதை ஒரு பொங்கலுக்குள் விட்டாக வேண்டும் என்று மகன் கெடு வைத்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை மாத்திரை போடுபவருக்கு இருந்தால்தான் இது கைகூடும் என்பதே ஆஷ்டனின் அனுபவமும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே பழக்கங்களைத் திருத்திக்கொள்வது நல்லது. இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். இருபது நிமிடம் புரண்டும் வராவிட்டால் எழுந்து கூடத்தில் உட்கார்ந்து, தூக்கம் வந்த பிறகு திரும்ப வேண்டும். பகல் தூக்கம் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். கும்பகோணத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இவற்றையெல்லாம் முறைப்படுத்திச் சில அமர்வுகளில் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை உண்டு. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக முயல வேண்டிய சிகிச்சை அதுவே.

கேள்வி: பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 39. பதற்றத்துக்காக நான்கு ஆண்டுகளாக அல்பிரசோலாம் 0.5 மி.கி. தினமும் மூன்று வேளை போடுகிறேன். அடுத்த மாதம் துபாயில் வேலைக்குச் சேர வேண்டும். அங்கே இந்த மாத்திரையைக் கொண்டுபோக முடியாது என்கிறார்கள். பத்து நாளில் விட்டுவிட முடியுமா? இரவில் இரண்டு பெக் போட்டால் மாத்திரை தேவைப்படாது என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், திருப்பூர்

பதில்: பத்து நாளில் முடியாது. முயலவும் வேண்டாம். உங்கள் அளவு, முந்தைய வாசகி போடுவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அல்பிரசோலாம் உடலிலிருந்து வேகமாக வெளியேறும் மருந்து என்பதால் விலகல் தொல்லை ஓரிரு நாளிலேயே கடுமையாகத் தொடங்கிவிடும். வலிப்பு வரும் அபாயமும் உண்மையானது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாலேயே உங்களுக்குக் கை பரபரப்பதுண்டா என்று கவனியுங்கள். உண்டென்றால், பதற்ற நோய் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி, இரண்டு வேளைகளுக்கு இடையே மருந்து இறங்குவதால் வருவதாக இருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கே டயஸெபாம் போன்ற நீடித்த மருந்துக்கு மாற்றிக் குறைப்பது அதிகம் பொருந்துகிறது. உங்கள் மாத்திரை மெதுவாகக் கரையும் வகை என்றால் அதை உடைக்கவே கூடாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இம்மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டவை என்பது உண்மை. ஆனால் மருந்துச் சீட்டையும் மருத்துவரின் கடிதத்தையும் வைத்து அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறும் வழி இருக்கிறது. அதை முகவரிடம் விடாமல் நீங்களே விசாரியுங்கள். கிடைக்கத் தாமதமானால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். விமானத்தில் வலிப்பு வருவதைவிட வேலைக்குத் தாமதமாகச் சேர்வது மேல்.

நண்பரின் யோசனை ஆபத்தானது. மதுவும் மூளையில் அதே காபா அமைப்பின் மீதுதான் வேலை செய்கிறது. மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். மாத்திரைக்குப் பதிலாக வந்தால், விடுவதற்கு இன்னும் கடினமான ஒன்றைப் பிடித்துக்கொண்டவர் ஆவீர்கள். வலிக்குப் போடும் டிரமடாலும் இந்தக் காலத்தில் வேண்டாம். அது மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சைக் குறைக்கும். தனியாகவே வலிப்பைத் தூண்டக்கூடியது.

கேள்வி: என் தந்தைக்கு 77 வயது. பதினைந்து ஆண்டுகளாக இரவில் லோராசெபாம் 2 மி.கி. போடுகிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையில் மூன்றாம் நாள் யாரையும் அடையாளம் தெரியாமல், சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி ஊசிக் குழாயைப் பிடுங்கினார். வயதானவர்களுக்கு இப்படி ஆகும் என்றார்கள். இந்த மாத்திரையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இப்போது வீட்டில் மறுபடி போடுகிறார். இந்த வயதில் இதை நிறுத்த முயல்வது தேவைதானா?
– மகள், நாகர்கோவில்

பதில்: தேவை. அவர் விழுந்ததில் இந்த மாத்திரைக்குப் பங்கு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். முதியவர்களின் உடலில் இம்மருந்துகள் நீண்ட நேரம் தங்கி, நடையைத் தள்ளாட வைக்கின்றன, ஞாபகத்தை மங்க வைக்கின்றன. இரவில் சிறுநீர் கழிக்க எழும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். மருத்துவமனையில் வந்த குழப்பத்துக்கு மயக்க மருந்து, கிருமித் தொற்று, உப்புச்சத்துக் குறைவு என்று பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆனால் பதினைந்து ஆண்டு போட்ட மாத்திரை திடீரென்று நின்றதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தே பார்த்திருக்க வேண்டும். இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும், சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரையோடு இதன் பெயரையும் அளவையும் எழுதிக் கோப்பின் முதல் தாளில் வையுங்கள். மயக்க மருந்து நிபுணரிடம் வாயாலும் சொல்லுங்கள். “அது வெறும் தூக்க மாத்திரைதானே” என்று நம் வீடுகளில் இதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவருக்கு டயஸெபாமுக்கு மாற்றும் வழி பொதுவாக ஏற்றதல்ல. இந்த வயதில் அது உடலில் சேர்ந்துகொண்டே போகும். லோராசெபாமையே 1 மி.கி. மாத்திரைகளாக வாங்கி, அதில் கால் பங்கை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குறைத்துத் தொடங்கி, பாதி வழிக்குப் பிறகு படியை இன்னும் சிறிதாக்குவது ஒரு நடைமுறை. நடையில் தெளிவு திரும்புவதைப் பலர், குறைத்து முடிக்கும் முன்பே உணர்வார்கள். மாத்திரை வெட்டுவது அவர் வேலையாக இருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் வெட்டி, கிழமை எழுதிய பெட்டியில் போட்டு வையுங்கள்.

வயதானவர்கள் விடமாட்டார்கள் என்பது நம் எண்ணம்தான். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரையின் தீங்குகளையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு பிரசுரத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுவதும் விட்டிருந்தார்கள். பிரசுரம் பெறாதவர்களில் விட்டவர்கள் 5 சதவீதம். அதட்டலோ ஒளித்து வைப்பதோ அங்கே இல்லை. உங்கள் தந்தைக்கும் தெரியாமல் மாத்திரையை மாற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு எழுதிக் கொடுத்திருப்பது எஸ்சிடலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை. அதைப் பாதியாக்கிக் குறைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. பாதியாக்கினால் இரண்டு மருந்தும் பாதியாகும். எஸ்சிடலோபிராம் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நீண்ட காலம் தர வேண்டியது. குளோனாசெபாம் தொடக்க வாரங்களுக்கு மட்டும் துணையாக வருவது. இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால் துணைக்கு வந்தது நிரந்தரமாகிவிடுகிறது. நோயாளிக்கு இரண்டு மருந்து போடுகிறோம் என்பதே தெரிவதில்லை. இப்படிச் சேர்த்து விற்பதை நான் விரும்புவதில்லை. மருத்துவரிடம் இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்சிடலோபிராம் அப்படியே இருக்க, குளோனாசெபாம் மட்டும் மெதுவாகக் குறையட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைத்தால், வரும் தொல்லை எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

கேள்வி: பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன். சென்ற வாரம் முதல் காதில் இரைச்சலும் பாதத்தில் எரிச்சலும் இருக்கின்றன. பழைய அளவுக்கே திரும்பிவிடலாமா? இரவில் அவில் மாத்திரை அல்லது அமுக்கரா சூரணம் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, சேலம்

பதில்: திரும்ப வேண்டாம், மேலும் குறைக்கவும் வேண்டாம், இருக்கும் அளவிலேயே நில்லுங்கள். இவ்விரண்டும் விலகலில் அடிக்கடி வருபவை. அலைபோல் வந்து தணியும். ஆனால் பாத எரிச்சலுக்குச் சர்க்கரை நோயும் காரணமாகலாம் என்பதால் அதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். வலிப்பு, நினைவு தடுமாற்றம், இல்லாதது கண்ணில் தெரிவது, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அவில் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கம் அதன் பக்க விளைவு. மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, முதியவர்களுக்கு மனக்குழப்பம் ஆகியவையும் அதன் பக்க விளைவுகளே. அமுக்கராவும் தூக்கக் கலக்கத்தைக் கூட்டக்கூடும் என்பதால், குறைக்கும் காலத்தில் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம். அதேபோல் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருந்து வாங்கும்போது, மாத்திரை குறைத்து வருவதைச் சொல்லுங்கள். சிப்ரோஃபிளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை. கிளாரித்ரோமைசின் போன்றவை அல்பிரசோலாமின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

கேள்வி: எங்கள் ஊரில் மனநல மருத்துவர் இல்லை. மருந்துக் கடையிலும் இப்போது சீட்டு இல்லாமல் தர மறுக்கிறார்கள். எங்கே போவது?
– வாசகர், அரியலூர் மாவட்டம்

பதில்: கடைக்காரர் மறுப்பது சட்டப்படி சரியே. அல்பிரசோலாம், டயஸெபாம், நைட்ரசெபாம் முதலியவை 2014 முதல் எச்1 அட்டவணையில், அதாவது சீட்டைப் பார்த்துப் பதிவு செய்த பிறகே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இருப்பவை. எழுதிய மருத்துவர், வாங்குபவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக உங்கள் மாத்திரை ஒரேநாளில் நின்றுவிடக் கூடாது. கையிருப்பு தீரும்வரை காத்திருக்காமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று அங்கே விசாரியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். போகும்போது பழைய சீட்டு, இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், எத்தனை ஆண்டுகளாக எந்த அளவில் போடுகிறீர்கள் என்று எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மாத்திரை எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்காமல், குறைக்க வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.